ஜாயின்ட் தெரியாத வளையல்

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பஸ் கிளம்பினதிலேர்ந்து உங்க கையையே பார்த்துக்கிட்டு வர்றேன், அது எனக்கே தெரியுது. வாட்சைப் பார்க்கல. மணிக்கட்டைப் பார்க்கிறேன். ஆறு அங்குலம். ஒரு நூல் கூட இருக்கலாம். ஆம்பளைக்கு இவ்வளவு மெல்லிசா இருக்கிறது அபூர்வம். தொழில் புத்தி, யாரைப் பார்த்தாலும் முதல்ல மணிக்கட்டுதான் கண்ணுல படும்.

எங்க இறங்கணும்? திண்டிவனமா. நிறைய நேரம் இருக்கு, இன்னும் டோல்கேட்டே வரல. நான் வந்தவாசி. பையை மடியில வெச்சுக்கோங்க, எனக்குக் கால் நீட்டக் கொஞ்சம் இடம் வேணும். முட்டி மடங்காது. வெளிய போகணும்னா சொல்லுங்க, எழுந்து வழி விடுறேன். எழுந்துக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

நான் மரத்துல நகை செய்யுறவன். பேரு தனகோபால், பாண்டியில முத்தியால்பேட்டையில சின்னப் பட்டறை. தோடு, ஜிமிக்கி, மோதிரம், வளையல் எல்லாமே மரம். தேக்கு, பலான்னு நினைச்சுக்காதீங்க, அதையெல்லாம் நான் தொடுறதில்ல. என் அலமாரியில இருக்கிறது எல்லாம் கப்பல்ல வந்தது. ஆப்பிரிக்காவிலேர்ந்து வெங்கேன்னு ஒண்ணு, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துல கோடு கோடா இருக்கும். பர்பிள்ஹார்ட்னு ஒண்ணு, அறுத்த உடனே அழுக்கு நிறமா இருக்கும், நாலு நாள் வெயில்ல வெச்சா கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துடும். சாயம் கிடையாது, மரமே அப்படி. நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் எங்க தெரியுது. வாசல்ல வந்து நின்னா ஒரே கேள்விதான், கருங்காலி மாலை இருக்கா. ஒருத்தன் போட்டா ஊரே போடுது. பாதிப் பேர் கழுத்துல தொங்குறது கறுப்புச் சாயம் முக்கின ஏதோ ஒரு மரம். வேர்த்தா சட்டைக் காலரைப் பார்த்தா தெரிஞ்சுடும். நான் வாயைத் திறக்கிறதில்ல. எனக்கென்ன வந்துச்சு.

அதை விடுங்க. இப்ப வந்தவாசிக்கு எதுக்குப் போறேன்னா, என் வீட்டுக்காரியைக் கூப்பிடப் போறேன். திலகவதின்னு பேரு. அவ அண்ணன் வீட்டுல இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க உடனே அப்படிப் பார்க்காதீங்க. கையில ஒரு புண்ணு. அது ஆறட்டும்னு போனா. மூணு மாசம் ஆச்சு. புண்ணு எப்பவோ ஆறிடுச்சு. இவதான் இன்னும் வரல.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. நானும் அவளும்தான். வீட்டுல முன் ரூம்ல அவ தையல் மெஷின், பின்னாடி என் பட்டறை. நான் கடைசல் மெஷினை நிறுத்தினா அவ மெஷின் சத்தம் கேக்கும், அவ நிறுத்தினா என்னோடது கேக்கும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். இந்த மூணு மாசமா ஒரு மெஷின் சத்தம்தான். அதுவும் சில நாள் நான் போடுறதில்ல. சோறு இறங்க மாட்டேங்குது தம்பி, உண்மையைச் சொல்றேன்.

எல்லாத்துக்கும் ஒரு வளையல்தான் காரணம். சிரிக்காதீங்க. முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

மர வளையல்ல ஒரு கஷ்டம் இருக்கு. முழு வட்டம். வளையாது, விரியாது. கை உள்ள போகணும்னா வளையல் பெருசா இருக்கணும். பெருசா இருந்தா மணிக்கட்டுல நிக்காது, முழங்கை வரைக்கும் போய்ட்டு வரும். தைக்கிறப்ப துணியில இடிக்குதுன்னு இவ கழட்டி வெச்சுடுவா. மெஷின் மேல, ஜன்னல் மேல, பிரிட்ஜ் மேல. ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள்ள இருந்துச்சு. பதினாறு வளையல் செஞ்சு கொடுத்திருக்கேன் தம்பி. கல்யாணம் காட்சின்னு போறப்ப போடுவா, வந்ததும் கழட்டிடுவா. போன வருஷம் சொந்தத்துல ஒரு வளைகாப்பு. பந்தி பரிமாறணும்னு ரோஸ்வுட் வளையலைக் கழட்டி எங்கயோ வெச்சிருக்கா. போச்சு. யார் கையில போச்சோ. "போனா போவுது, இன்னொண்ணு செஞ்சுக்கலாம்"னு இவ சொல்றா. ஒரு மாசம் உழைச்சது. எனக்கு வயிறு எரிஞ்சுது. கழட்டுறதுனாலதானே தொலையுது, கழட்ட முடியலைன்னா எப்படித் தொலையும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தோணுச்சு.

என்கிட்ட ஒரு மரம் இருந்துச்சு. கோகோபோலோன்னு பேரு, மெக்சிகோ பக்கம் வளர்றது. புல்லாங்குழல் செய்யுற ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போறப்ப எனக்குக் கொடுத்துட்டுப் போனார். ஒரு சாண் நீளம்தான். ஒன்பது வருஷம் நியூஸ் பேப்பர்ல சுத்தி அலமாரியில வெச்சிருந்தேன். யாருக்காகவும் அதை அறுக்க எனக்கு மனசு வரல. கலெக்டர் சம்சாரம் கேட்டப்பகூட இல்லைன்னுட்டேன். அறுத்தா உள்ள ஆரஞ்சு, அதுல கறுப்பு மை ஊத்தி விட்டமாதிரி கோடு. மசாலா வாசனை அடிக்கும். அதை எடுத்து இவளுக்குன்னு அறுத்தேன். எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்க.

ரெண்டு அரை வட்டம். ஒண்ணோட ரெண்டு முனையிலயும் ஈர்க்குச்சி கனத்துல மர ஊசி, இன்னொண்ணுல அதுக்குச் சரியா துளை. மணிக்கட்டைச் சுத்தி ரெண்டையும் வெச்சு அழுத்தினா உள்ள போய்க் கவ்விக்கும். பசை வெச்சு, மேல சைக்கிள் டியூப் சுத்தி நாப்பது நிமிஷம் விடணும். அப்புறம் கையில வெச்சே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஜாயின்ட்டை மறைக்கணும். கோடு கோடோட சேரணும். அங்கதான் வேலையே இருக்கு. நான் செஞ்சா ஜாயின்ட் தெரியாது. பெருமைக்குச் சொல்லல. பாண்டியில யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க.

ஆவணியில எங்க கல்யாண நாள். காலையில பட்டறைக்கு வாடின்னு கூப்பிட்டேன். "நாலு ஜாக்கெட்டு இன்னைக்குக் கொடுக்கணும்"ன்னா. கையை மட்டும் கொடுன்னேன். "எதுக்கு?" "கொடேன், சொல்றேன்." இடது கையைக் கொடுத்தா. சும்மா அளவு பார்க்கிறேன்னு நினைச்சிருக்கா. நான் பசையைத் தடவி மூடிட்டேன். அசையாதேன்னேன். நாப்பது நிமிஷம் அசையாம உக்காந்திருந்தா தம்பி. ஜாக்கெட்டை மறந்துட்டா. நான் உப்புத்தாள் போடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தா. மெழுகு தடவினதும் அந்த ஆரஞ்சு எழும்பி வந்துச்சு பாருங்க, "என்னங்க இது, நெருப்பு மாதிரி இருக்கு"ன்னா. கண்ணுல தண்ணி. அப்புறம் கேட்டா, "சரி, இதை எப்படிக் கழட்டுறது?"

கழட்டுறதே கிடையாதுன்னேன். இனிமே தொலையாதுன்னேன்.

சிரிச்சா. அன்னைக்கு நல்லாத்தான் சிரிச்சா. "விளையாடாதீங்க, எங்க ஒட்டினீங்க, காட்டுங்க"ன்னா. கண்டுபிடி பார்ப்போம்னேன். அது எங்களுக்குள்ள ஒரு விளையாட்டா போச்சு. வாசல்ல வெயில்ல போய் நின்னு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. நகத்தால வழிச்சுப் பார்ப்பா. தையல் ஊசியை எடுத்து முனையால சுத்தி ஒவ்வொரு இடமா குத்திப் பார்ப்பா. "இங்கயா?" இல்லைம்பேன். "அப்ப இங்க?" இல்லைம்பேன். தினம் சாப்பிட்டு முடிச்சதும் இதே வேலை அவளுக்கு. கிடைக்கவே இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இருபத்திரண்டு வருஷத்துல என் வேலையை அவ அப்படிப் பார்த்ததே இல்ல.

அப்புறம் கண்காட்சி. வெளியூர் ஜனங்க வர்ற இடத்துல மாசம் ரெண்டு தடவை மேஜை போடுவேன். இவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, கையை மேஜை மேல வெக்கச் சொல்லுவேன். வர்றவங்க எல்லாம் தோட்டைப் பார்க்கிறதில்ல, மோதிரத்தைப் பார்க்கிறதில்ல. இவ கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்துட்டு, இது எப்படி உள்ள போச்சுன்னு கேப்பாங்க. நான் பதில் சொல்ல மாட்டேன், சிரிப்பேன். அவளும் சிரிப்பா. ஒரு அம்மா சொன்னாங்க, "உங்களுக்குக் கொடுத்து வெச்சிருக்கு, இப்படி ஒரு நகையை எப்பவும் போட்டிருக்கீங்க"ன்னு. இவ சொன்னா, "இது எனக்குப் போட்டது இல்லம்மா, உங்களுக்காகப் போட்டது"ன்னு. எவ்வளவு அழகா பேசுறா பாருங்க. அவளுக்கு வியாபாரம் தெரியும்.

டோல்கேட் தாண்டிட்டோம். நீங்க ஏன் முன்னாடியே பார்க்கிறீங்க, திண்டிவனம் வந்தா நான் சொல்றேன்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும்தான் தொந்தரவு. அரிக்குதுன்னா. மழைக்காலம், எல்லாருக்கும் எங்கயாவது அரிக்கும். ரெண்டு நாள் கழிச்சு வளையலுக்கு அடியில செகப்பா தடிப்பு. மஞ்சளைக் குழைச்சுப் பூசப் போனா, நான்தான் தடுத்தேன். பின்ன, மஞ்சள் பட்டா மரம் கறை பிடிச்சுடும் இல்லையா. பவுடர் போட்டா. அது மரத்தோட துவாரத்துல போய் அடைச்சுக்கிட்டு வெள்ளை வெள்ளையா நிக்குது. நான் பல்லு விளக்குற பிரஷ் வெச்சு அரை நாள் உக்காந்து அதையெல்லாம் எடுத்தேன். அவ கையைக் கொடுத்துட்டு வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா. அசையாதேன்னா அசைய மாட்டா. அந்த விஷயத்துல தங்கமான பொம்பளை.

மரத்தாலயா இருக்கும்னு அவ கேட்டா. என்கிட்ட கேட்டா தம்பி, மரத்தைப் பத்தி. நான் சொன்னேன், மரம் ஒண்ணும் பண்ணாதுடி, அதோட தூள்தான் பண்ணும். உண்மைதான். அந்த மரத்தை அறுக்கிறப்ப நான் கையுறை போட்டுக்குவேன், மூக்குல துணி கட்டிக்குவேன். இல்லைன்னா கழுத்தெல்லாம் தடிச்சுப் போய் ஒரு வாரம் படுத்தி எடுத்துடும். ஆனா தூள் வேற, மெழுகு போட்ட நகை வேற. அது தெரியாம தோல் டாக்டர் ஒருத்தர் களிம்பு எழுதிக் கொடுத்துட்டு, முதல்ல வளையலைக் கழட்டுங்கன்னு சொல்லிட்டார். அவருக்குத் தோலைப் பத்தித் தெரியும். மரத்தைப் பத்தி என்ன தெரியும்.

இறுக்குதுன்னா. கை கொஞ்சம் வீங்கியிருந்துச்சு, அதுவும் நிஜம். நான் மனசு இல்லாதவன் இல்ல. இடம் பண்ணித் தர்றேன்னு சொல்லி, உப்புத்தாளை ரிப்பன் மாதிரி வெட்டி வளையலுக்கும் கைக்கும் நடுவுல விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து உள்பக்கத்தைத் தேய்ச்சேன். ஒரு வாரம் தினமும் செஞ்சேன். ஆரஞ்சு ஆரஞ்சா தூள் கொட்டும், ஊதி விடுவேன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பா. ஒரு நூல் கனம் குறைச்சேன் தம்பி. ஆனா நான் குறைக்கக் குறைக்க அவ கை வீங்கிக்கிட்டே போகுது. என்ன செய்யச் சொல்றீங்க.

என்ன கேட்டீங்க? அந்தத் தூள் எங்க போச்சுன்னா?

ஊதி விட்டேன்னு சொன்னேனே தம்பி.

கார்த்திகையில அந்த விளையாட்டு மாறிப் போச்சு. தையலை விட்டுட்டா, கையை மடக்க முடியல. என் பட்டறை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "எங்க ஒட்டினீங்கன்னு காட்டுங்க"ம்பா. சிரிப்பு இல்லாம கேப்பா. நான் கண்டுபிடி பார்ப்போம்னு சொன்னா போய்டுவா. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிப்பா. "காட்டுங்க." ஒரு நாள் சொன்னா, "நான் கழட்டிட்டு ஓடிட மாட்டேன். கழட்ட முடியும்னு தெரிஞ்சா போதும், நானே போட்டுக்கிட்டு இருப்பேன்." எனக்கு அது சரியா விளங்கல. கழட்டப் போறதில்லைன்னா, கழட்ட முடிஞ்சா என்ன, முடியலைன்னா என்ன. மார்கழியில பெரிய கண்காட்சி வருது, அது முடியட்டும், நானே வெட்டி எடுத்துடுறேன்னு சத்தியம் பண்ணினேன். வெட்டியிருப்பேனான்னு நீங்க கேக்கலாம். கேக்காதீங்க.

கண்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னாடி. நான் மெழுகு வாங்கப் போயிட்டு வர்றேன், மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். பட்டறையில சத்தம். உள்ள போய்ப் பார்த்தா, வைஸ் இருக்கு பாருங்க, மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது, அதுல கையை வெச்சு வளையலோட ஒரு பக்கத்தை இறுக்கியிருக்கா. வலது கையில ரம்ப பிளேடு. அறுத்துக்கிட்டு இருக்கா. கீழ மேஜையில ரத்தம், ஆரஞ்சுத் தூள். நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. "அடியே, அது இரும்பு அறுக்கிற பிளேடு"ன்னேன்.

வாயிலேர்ந்து அதுதான் வந்துச்சு. என்னமோ தெரியல. தினம் பட்டறையில சொல்ற பேச்சு.

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அப்ப மரம் அறுக்கிறதை எடுத்துக் கொடுங்க"ன்னா. சத்தமே போடல. கை அப்படியே வைஸ்ல இருக்கு. நான் ரம்பத்தை எடுத்தேன் தம்பி. எடுத்துட்டேன். கிட்ட போனேன். முப்பது வருஷமா தலைமுடி கனத்துக்குக் கோடு போட்டு அறுக்கிறவன். அந்தக் கறுப்புக் கோடு மேல ரம்பத்தோட பல்லை வெக்க முடியல என்னால. அவ கைக்காகத்தான் தயங்கினேன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படித்தான் இருக்கணும்.

ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். காயத்துக்குத் தையல் போடணும்னா வளையல் போகணும்னுட்டாங்க. மாவுக்கட்டு பிரிக்கிற ரூமுக்கு அனுப்பினாங்க, அங்க ஒரு சின்ன மெஷின் ரம்பம் இருக்கு, தோலை அறுக்காம மாவுக்கட்டை மட்டும் அறுக்கும். அந்த ஆள் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு வளையலைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. "ஆசாரி, இதை ஒட்டின இடம் எது? அங்க போட்டா சீக்கிரம் விட்டுக்கும். இல்லைன்னா ரெண்டு இடத்துல முழுசா அறுக்கணும், சூடு ஏறும், அவங்களுக்கு வலிக்கும்"ன்னாரு.

நான் குனிஞ்சு பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தேன். தெரியல தம்பி. நான் ஒட்டினது, எனக்கே தெரியல. அந்த நெருப்புக் கோடு ஒண்ணோட ஒண்ணு அப்படியே ஓடுது. இங்கயோன்னு விரல் வெச்சேன். இல்ல. இங்கயோன்னேன். இவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "தெரியாதா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. பயந்துட்டேன் தம்பி. வாழ்க்கையில அப்படிப் பயந்ததில்ல. அந்த ஆள் என்னை நகரச் சொல்லிட்டு ரெண்டு இடத்துல அறுத்தாரு. ரொம்ப நேரம் ஆச்சு.

வளையல் கீழ விழுந்ததும் கையைத் தூக்கி ஃபேனுக்கு நேரா பிடிச்சுக்கிட்டா. புண்ணாயிருந்த கை. அதைத் திருப்பித் திருப்பிக் காத்துல காட்டினா. கண்ணை மூடிக்கிட்டா. நான் கீழ குனிஞ்சு ரெண்டு துண்டையும் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, அறுத்த முனை எதுலயும் ஊசி தெரியல, ரெண்டுமே வேற இடம். அறுபட்ட துண்டுலகூட என் ஜாயின்ட் விடல. மனசுக்குள்ள ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் பெருமை. என்ன ஜென்மமோ நான்.

அன்னைக்கே பஸ் ஸ்டாண்டு. கட்டுப் போட்ட கையோட வந்தவாசி பஸ்ல ஏறி உக்காந்துட்டா. ஜன்னல் வழியா சொன்னா, "வளையல் வேண்டாம்னு நான் சொல்லல. கழட்டிப் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க. அன்னைக்கே உங்ககூட வந்துடுறேன்."

கிளியனூரா இது? சரி சரி.

மூணு மாசமா யோசிச்சேன் தம்பி. எங்க தப்பு பண்ணினேன்னு. இப்பத்தான் பிடிபட்டுச்சு. மரம். மரத்துலதான் தப்பு. அவ உடம்புக்கு அந்த மரம் ஒத்துக்கல. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன், ஒத்துக்கிறேன். அதனால என்ன செஞ்சேன் தெரியுமா? வேம்பு. என் பட்டறைக்குள்ள வேப்பமரமே வந்ததில்ல, தெருவுல நிக்கிற மரம். அவளுக்காகக் கொண்டு வந்தேன். அம்மை போட்டா வேப்பிலையிலதானே படுக்க வெக்கிறோம், அதை விடத் தோலுக்கு நல்லது எது. இந்தாங்க, பாருங்க, சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன். ரெண்டு பாதி. தொட்டுப் பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு. மாநிறம், அவ கைக்குப் பொருந்தும். ஊசிகூட வேம்புதான். பசை டியூப் இந்தப் பையில இருக்கு. அவ நாப்பது நிமிஷம் உக்காந்தா போதும்.

கீலா? கீல் வெச்சா அது நகைப்பெட்டி தம்பி, வளையல் இல்ல.

கொக்கியும் யோசிச்சாச்சு. நீங்க என்ன புதுசா சொல்றீங்க. யோசிச்சது என்ன, செஞ்சே பார்த்தேன். இதே வேம்புல, இதே அளவு. ஒரு பக்கம் சின்னப் பித்தளைக் கொக்கி, ஒரு விரலால தள்ளினா திறந்துக்கும். ரெண்டு நாள் வேலை. முடிச்சு மேஜை மேல வெச்சுட்டு எதிர்ல உக்காந்து பார்த்தேன். கொக்கி தெரியுது. எப்படித் திருப்பி வெச்சாலும் தெரியுது. யாரோ கத்துக்குட்டி செஞ்ச மாதிரி இருக்கு. நான் செத்த பிறகு என் பெண்டாட்டி கையைப் பார்த்து, தனகோபால் செஞ்சதா இதுன்னு எவனாவது கேப்பான். மேஜை இழுப்பறையிலயே போட்டுட்டு வந்துட்டேன். முந்தாநாள் போன்ல அவ கேட்டா, "கழட்ட வருமா?" வந்து நேர்ல காட்டுறேன்னேன். "சரி, வாங்க"ன்னா. குரல்ல சந்தோஷம் தெரிஞ்சுது தம்பி. மீன் குழம்பு வெக்கிறேன்னா. மூணு மாசம் கழிச்சு அவளா பேசின முதல் பேச்சு அது.

பார்த்தா மனசு மாறிடும். எனக்குத் தெரியும். கையில வெச்சுப் பார்த்தா யாருக்கும் கழட்டத் தோணாது. நம்பிக்கை இல்லையா? கையைக் கொடுங்க. அட, கொடுங்க தம்பி, பசையே போடல, சும்மா வெச்சுக் காட்டுறேன். உங்களோடது அவளோட அளவுதான், ஒரு நூல்தான் வித்தியாசம், அதான் முதல்லேர்ந்து பார்த்துக்கிட்டு வர்றேன். இப்படி. அந்தப் பாதி அடியில, இந்தப் பாதி மேல. ஊசி துளை வாயில நிக்குது பாருங்க, அழுத்த மாட்டேன். பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கேன். இப்ப ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. எப்படி இருக்கு? ஜாயின்ட் தெரியுதா? சொல்லுங்க.

அடச்சே. இந்த டிரைவருக்கு வேகத்தடையே கண்ணுக்குத் தெரியாதா. முதுகெலும்பே உள்ள போயிடுச்சு.

என்ன ஆச்சு? உள்ள போயிடுச்சா? ஆமா. முழுசா இறங்கிடுச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேனா, தூக்கிப் போட்டதுல அழுத்திட்டேன். பாருங்க தம்பி, பசை இல்லாமலே எப்படிக் கவ்விக்கிச்சு. இதுதான் வேலைங்கிறது.

இழுக்காதீங்க. இழுத்தா வராது, தோல்தான் உரியும். முறுக்கவும் கூடாது. மெல்லிசா ஒரு கத்தியை ஜாயின்ட்டுல வெச்சு ஒரு தட்டு தட்டினா விட்டுக்கும். பயப்படாதீங்க. கத்தி இல்ல என்கிட்ட, இருந்தாலும் இந்த ஆட்டத்துல வெக்க முடியாது. ஜாயின்ட் எங்கேன்னு பார்த்து வெச்சுக்கிட்டா போதும். இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். கையை வெளிச்சத்துக்குத் திருப்புங்க. இங்கதானே இருந்துச்சு. இல்ல, இது மரத்தோட ரேகை. அந்தப் பக்கம் திருப்புங்க. இதுவும் ரேகைதான். வேம்புல ஒரு நிமிஷத்துல கிடைச்சுடும், கோடு கம்மி.

திண்டிவனமா? அதுக்குள்ளயா? எழுந்துக்காதீங்க தம்பி, என் கால் மடங்காது, சொன்னேனே. இப்படியே இறங்கிப் போனா நான் என்னத்தை எடுத்துக்கிட்டு அவ முன்னாடி நிக்கிறது. மூணு மாச உழைப்பு உங்க கையில இருக்கு. வந்தவாசி வரைக்கும் வாங்க, ஒரு மணி நேரம்தான், டிக்கெட் நான் எடுக்கிறேன். கண்டக்டர், இந்தத் தம்பியும் வந்தவாசிதான். அங்க என் மச்சான் வீட்டுல கத்தி இருக்கும். மீன் குழம்பு இருக்கும். திலகவதி உங்க கையைப் பார்ப்பா. ஒரு கையில போட்டா எவ்வளவு அழகுன்னு நேர்ல பார்த்தா, அவளே வந்து கையை நீட்டுவா.

யாருக்குப் போன் போடுறீங்க? அப்புறம் போடலாம். கையை இங்க கொண்டு வாங்க, வெளிச்சம் இருக்கிறப்பவே தேடிப் பார்த்துடுறேன். இங்கதான் எங்கயோ இருக்கு.

அசையாதீங்க.